நாணயமே முதல்: பாத்திரம் செய்த ஒரு குடும்பத்தின் வரலாறு

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





சமயமும் தமிழும் பேசப்படும் இந்த மேடையிலே, சமையற் பாத்திரம் செய்து விற்ற ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது இடமறியாத பேச்சு என்று பெரியோர்கள் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒரு நாயனாரை நினைவூட்டி அனுமதி கேட்கிறோம். தில்லையிலே வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் ஒரு குயவர். மண்ணைப் பிசைந்து, சக்கரத்திலிட்டு, ஓடு வனைந்து சிவனடியார்க்கு வழங்கியவர். இறைவன் யோகி வடிவிலே வந்து, தம் ஓடொன்றை அவரிடம் ஒப்படைத்துச் சென்று, பின்பு அதை மறையச் செய்துவிட்டுத் திருப்பிக் கேட்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்று நாயனார் மன்றாடியும் வந்தவர் ஏற்கவில்லை. ஒப்படைத்த பொருள் சிறிய மண்ணோடுதான். ஆனால் நம்பி ஒப்படைத்தவனுக்குப் பதில் சொல்லும் கடமை சிறியதன்று. அந்தச் சோதனை பாத்திரம் செய்கிற எவருக்கும் எந்தக் காலத்திலும் வரும். இன்று நாம் சொல்லப் போகும் வரலாற்றிலும் அது வருகிறது.

எமது தமிழிலே நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையிலே புரளும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். முதல் என்ற சொல்லுக்கும் அப்படியே. தொடக்கமும் முதல், தொழிலிலே போடும் பணமும் முதல். குடும்பத் தொழில் ஒன்று தலைமுறை தாண்டி நிலைக்க வேண்டுமாயின் அதற்கு நாணயமே முதல் என்பதுதான் எமது பேச்சின் சாரம்.

எமது குடாநாட்டுக்கு வீட்டுப் பாத்திரத் தொழில் புதியதன்று. மூக்குப்பேணியில் தண்ணீர் குடித்து வளர்ந்த பாட்டன்மார் இன்னும் சிலர் எம்மிடையே இருக்கிறார்கள். எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்று மூக்கு வைத்து அந்தப் பேணியைச் செய்த கைகள் எமது ஊர்க் கைகளே. பித்தளை வேலை செய்வோரைக் கன்னார் என்று அழைத்தோம். பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, அரிசி புடைக்கச் சுளகு, சுமக்கக் கடகம் என்று அடுப்பங்கரைக்கு வேண்டியவற்றுட் பாதியைப் பனையோலையே தந்தது. இவை எல்லாம் குடும்பத் தொழில்கள். தகப்பனிடம் மகனும் தாயிடம் மகளும் பழகிய தொழில்கள். அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபோது இவற்றுட் பல ஒடுங்கிவிட்டன. ஒடுங்கிய தொழில்களுக்காக இரங்குவது எளிது. மாறிய காலத்தோடு மாறி நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்துக் கற்பது அதைவிடப் பயனுடையது. அதற்காகப் பாக்கு நீரிணையைக் கடந்து சென்னைக்குச் செல்கிறோம்.

இன்று எமது அடுக்களைகள் பலவற்றிலே பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறது. பிரெஸ்டீஜ் என்ற பெயரை அறியாதார் குறைவு. அந்தக் குக்கரை இந்தியாவிலே செய்து பரப்பியவர்கள் ரி.ரி.கே. குடும்பத்தார். திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி என்பதன் சுருக்கமே ரி.ரி.கே. 1899 இல் பிறந்த அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்றவர். மிஷன் பாடசாலைகளின் பிள்ளைகளாகிய எம்மைப் போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும். 1823 இல் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் செமினரியை நிறுவிய காலந்தொட்டு, ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தவரிற் பெரும்பாலோர் உத்தியோகத்தையே நாடினர். கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞர்களாகச் சென்றனர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று பழமொழியே செய்துவைத்தோம். அதே வகைக் கல்வி பெற்ற இந்தச் சென்னை இளைஞரோ 1928 இல் ஒரு வியாபாரத் தாபனத்தைத் தொடங்கினார்.

தொடக்கத்திலே அவர் எதையும் செய்யவில்லை. பிறர் செய்த பொருளை வாங்கிப் பரப்பினார். லக்ஸ், பொண்ட்ஸ், ஹோர்லிக்ஸ் முதலிய பெயர்கள் தென்னிந்தியக் கடைகளுக்குச் சென்ற வழிகளுள் அவருடைய தாபனமும் ஒன்று. ஊர் ஊராகக் கடைக்காரரை அறிந்திருப்பதும், சொன்ன நாளிலே சரக்கை அனுப்புவதும், தவணை தவறாமற் பணம் தீர்ப்பதுமே இந்த வியாபாரத்தின் உயிர்.

பின்னர் அவர் அரசியலில் இறங்கினார். 1937 இல் சென்னைச் சட்டசபைக்குத் தெரிவானார்; இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவிலும் இடம் பெற்றார்; 1952 இல் மத்திய வர்த்தக, கைத்தொழில் மந்திரியானார்; 1956 இல் நிதி மந்திரியானார். வியாபாரத்தை மகன் ரி.ரி. நரசிம்மன் ஏற்று நடத்தினார். இங்கேதான் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். சுதந்திர இந்தியா அந்நியச் செலாவணியின்றித் தவித்தது, இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. அந்தக் கொள்கையை நடத்திய மந்திரிசபையிலே தந்தை இருக்கிறார். பிறநாட்டுப் பொருளை இறக்கி விற்பதையே பெரும்பகுதியாகக் கொண்ட வியாபாரத்தை மகன் நடத்துகிறார். 1957 இல் தந்தை கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம் செல்வத்துக்கும் செலவுக்கும் புதிய வரிகளை விதித்தது. தம் குடும்பம் வியாபாரக் குடும்பம் என்பதற்காக அவர் அந்த வரிகளைத் தவிர்க்கவில்லை. (அவரது அரசியல் வாழ்வு முழுவதும் ஒளிமயமானது என்று நாம் சொல்ல வரவில்லை. முந்த்ரா விவகாரத்திலே 1958 இல் அவர் பதவி துறக்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் நிதி மந்திரியானார்.)

கப்பலிலே சரக்கு வருவது குறைந்தால் வியாபாரி என்ன செய்வான்? கடையை மூடலாம், அல்லது விற்ற பொருளைத் தானே செய்யக் கற்கலாம். நரசிம்மன் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். 1955 இல் ஒரு கொம்பனி பதிவு செய்யப்பட்டது. இங்கிலாந்தின் பிரெஸ்டீஜ் தாபனத்தோடு ஒத்துழைத்து 1959 இல் பெங்களூரிலே குக்கர் உற்பத்தி தொடங்கியது. அதே 1959 இலேயே பம்பாயில் ஹாக்கின்ஸ் என்ற தாபனமும் தோன்றிக் குக்கர் செய்யலாயிற்று. இந்த இரண்டு பெயர்களுமே இந்தியச் சமையலறைகளை நெடுங்காலம் ஆண்டு வந்தன.

குக்கரின் தத்துவத்தைச் சிறிது சொல்ல வேண்டும். இல்லாவிடில் பின்னால் வரும் செய்தி விளங்காது. திறந்த பானையிலே தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடைத்தால் அமுக்கம் ஏறும். அமுக்கம் வெளியிலுள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும்போது தண்ணீர் ஏறக்குறைய 120 பாகையிலேதான் கொதிக்கும். ஆகவே பருப்பும் கடலையும் விரைவில் வேகும், எரிபொருள் மிச்சமாகும். பிரான்சிலே பிறந்த தெனிஸ் பப்பின் என்ற அறிஞர் 1679 இலேயே இத்தகைய பாத்திரமொன்றை இலண்டனிலே செய்து காட்டினார். ஆவி மிஞ்சினால் வெளியேற ஒரு பாதுகாப்பு வாயிலும் அமைத்தார். அடைத்து வைத்த ஆவி சோற்றையும் வேகவைக்கும், வீட்டையும் உடைக்கும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இனி வரலாற்றின் மூன்றாந் தலைமுறைக்கு வருகிறோம். நரசிம்மனின் மகன் ரி.ரி. ஜெகநாதன் 1948 இல் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.ரி.யிலே பொறியியலில் தங்கப் பதக்கம் பெற்று, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே மேற்படிப்பில் இருந்தவர். 1970களின் தொடக்கத்திலே குடும்பத்தின் கொம்பனிகள் கடனில் மூழ்கியிருந்தன. படிப்பாளியாக வாழ நினைத்த இளைஞர் வீட்டுக்கு அழைக்கப்பட்டார். வெளிநாட்டிலே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் எமது பெற்றோர் இந்த இடத்திலே சற்று நின்று சிந்திப்பார்களாக. திரும்பி வந்த மகனுக்குக் காத்திருந்தது சொத்தன்று, கடன். கைவிரித்துக் கதவை அடைப்பது சுலபமாயிருந்திருக்கும். அவரோ தொழிலை நடத்திக் கடனைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்க்கும் வழியையே எடுத்தார். பாட்டன் 1974 இல் காலமானார். பாட்டன் தேடிய பெயரைப் பேரன் காப்பாற்றியது கடனைக் கொடுத்ததனாலே.

இதைவிடப் பெரிய சோதனை அடுப்பிலிருந்தே வந்தது. குக்கரின் மேல் வைக்கும் பாரம்தான் விசில் அடித்து ஆவியை விடுகிறது. அந்தத் துவாரம் சோற்றுப் பருக்கையால் அடைபட்டால், மூடியிலுள்ள மற்றொரு சிறு அடைப்பான் காவல் செய்ய வேண்டும். சூடு அளவுக்கு மிஞ்சினால் அதிலுள்ள ஈயம் போன்ற உலோகக் கலவை உருகி ஆவிக்கு வழிவிடும். ஒருமுறை உருகினால் புதியது வாங்கிப் பொருத்த வேண்டும். சந்தையிலே போலி அடைப்பான்கள் மலிந்தன. உருவத்திலே உண்மையானது போலவே இருக்கும், விலையோ குறைவு, ஆனால் உருக வேண்டிய சூட்டிலே உருகாது. நான்கு காசு மிச்சம் பிடிக்க நினைத்த வீட்டிலே குக்கர் வெடித்தது. வட இந்தியாவிலே இந்தக் காரணத்தால் விற்பனை விழுந்ததை 1970களிலே கொம்பனி கண்டது.

அன்பர்களே, இந்த இடத்திலே உங்களை நீதிபதிகளாக இருத்திக் கேட்கிறோம். குற்றம் யாருடையது? போலி செய்தவனுடையது; அதை விற்ற கடைக்காரனுடையது; மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்கியவருடையதென்றும் சிலர் சொல்லுவர். கொம்பனி செய்த பொருளிலே பிழையில்லை. இவ்வளவும் சரியே. ஆனால் வெடித்த பாத்திரத்தின் மேலே இருந்த பெயர் அந்தக் குடும்பத்தின் தொழிற்பெயர். அடுப்படியிலே நின்றவர் ஒரு தாய். எமது பொருளல்ல, போலிப் பொருள் என்று பத்திரிகையிலே அறிவித்தல் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் சட்டம் அவர்களை ஒன்றும் செய்திராது.

ஜெகநாதன் பொறியியலாளராகச் சிந்தித்தார். போலியை ஒழிக்க முடியாது. போலி இருந்தாலும் வெடிக்காத குக்கரைச் செய்ய முடியுமா என்று பார்த்தார். மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே ஆவி கசியாமல் இறப்பர் வளையம் ஒன்று இருக்கிறதல்லவா? மூடியின் விளிம்பிலே ஓரிடத்தில் நீளமான ஒரு திறப்பை வெட்டினார். மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டு அமுக்கம் மிஞ்சினால், இறப்பர் வளையம் அந்தத் திறப்பின் வழியே வெளியே பிதுங்கும், ஆவி வெளியேறிவிடும், பாத்திரம் வெடிக்காது. இதற்குப் புதிய உதிரிப்பாகம் தேவையில்லை. ஆகையாற் போலி செய்யவும் இடமில்லை. இத்தனை எளிமையான வழியைக் கண்டவர் அதற்குத் தனியுரிமை எடுத்துப் பூட்டி வைக்கவில்லை. மற்றக் குக்கர் செய்வோரும் அதைக் கையாளலாயினர். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் குக்கர் மூடியின் விளிம்பைப் பாருங்கள். எந்தக் கொம்பனியின் குக்கராயினும் அந்தத் திறப்பு இருக்கக்கூடும்.

இதைத் தருமம் என்று மட்டும் நாம் சொல்லவில்லை. இது வியாபார அறிவுமாகும். எவருடைய குக்கர் வெடித்தாலும் மக்கள் குக்கர் என்ற பொருளையே அஞ்சுவார்கள். அயலானின் பாத்திரம் வெடிக்காமல் இருப்பதும் தன் தொழிலுக்கு நன்மை. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் செய்வார்க்கு நல்ல வாணிகம் என்ற கருத்தை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்திலே வைத்தார். பொருள் ஈட்டும் அதிகாரத்திலே வைக்கவில்லை. அதன் காரணம் இந்த வரலாற்றைப் படித்தபோது எமக்குத் துலக்கமாயிற்று.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். 1994 இல் கொம்பனி பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலே மீண்டும் தளர்ச்சி வந்தது. ஒரே குக்கரை நம்பியிராமல் அடுப்பு, ஒட்டாத தட்டு, மின்சார அரைகலம் என்று முழுச் சமையலறைக்கும் பொருள் செய்து எழுந்தார்கள். அன்றாட நிர்வாகத்தைக் குடும்பத்தார் அல்லாத திறமைசாலிகளிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத் தொழில் என்றால் முதலாளியின் மருமகனே முகாமையாளராக இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை இவர்கள் பின்பற்றவில்லை. 2016 இல் இங்கிலாந்தின் ஹோர்வுட் என்ற வீட்டுப்பாத்திரக் கொம்பனியை வாங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து தொழிலைக் கற்றவர்கள் அந்த நாட்டிலேயே ஒரு கொம்பனிக்கு உரிமையாளராயினர். ஜெகநாதன் 2024 ஒக்டோபரிலே காலமானார்.

பெரியோர்கள் இப்போது ஒரு நியாயமான தடையை எழுப்புவார்கள். சென்னையிலே யுத்தம் நடக்கவில்லை, தம்பி, என்பார்கள். உண்மைதான். காங்கேசன்துறையிலே 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தோடு ஓய்ந்தது. அதே 1990 முதற் பொருளாதாரத் தடை வந்தது; சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மின்கலமும் அரும்பொருளாயின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஒரு பானையையும் இரண்டு கோப்பையையும் சைக்கிளிலே கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனையோ. தலைமுறையாகச் சேர்த்த பட்டறையையும் அச்சையும் கணக்குப் புத்தகத்தையும் விட்டுப் போனவர்களிடம், சென்னைக் குடும்பத்தைப் பார், நீ ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பது அநியாயம். நாம் அப்படிக் கேட்கவில்லை.

ஆனால் 2009 இல் யுத்தம் ஓய்ந்த பின் வளர்ந்த எம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எமது மண்ணிலும் தொழில் செய்து பெயரெடுத்தவர்கள் இருந்தார்களல்லவா? மில்க்வைற் சவர்க்காரத் தொழிலை நடத்திய கனகராசா அவர்கள் சவர்க்காரம் விற்றதோடு நிற்கவில்லை. பனை நடுகையை ஊக்குவித்தார். 1970களிலே மில்க்வைற் செய்தி என்ற ஏட்டை வெளியிட்டார். ஒரு சவர்க்காரக் கட்டியின் பெயர் ஊர்மக்களின் அன்பைப் பெற்றது அவ்வாறுதான். அப்படிப்பட்ட முன்னோரின் வழி இருக்கையில், பட்டம் பெற்றதும் அரசாங்க வேலைக்குப் பெயர் பதிவதும், அது கிடைக்காவிடில் வெளிநாட்டுக்கு வழி தேடுவதுமே எமக்கு இரு கதவுகள் என்று நாம் ஏன் எண்ணுகிறோம்? வெளிநாடு போவதை நாம் பழிக்கவில்லை. போனவர்கள் அனுப்பிய பணத்திலேதான் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. ஆயினும் வந்த பணம் வீட்டுச் சுவராகவும் திருமண மண்டபச் செலவாகவும் முடிந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு முதல் எங்கே?

ஆதலாற் சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்களை முன்வைக்கிறோம். முதலாவது: பித்தளை அடித்தவர், ஓலை இழைத்தவர், சவர்க்காரம் காய்ச்சியவர், பானை வனைந்தவர் எனக் குடாநாட்டிலே வீட்டுப் பொருள் செய்த குடும்பங்களின் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் சென்று, எப்படித் தொடங்கினார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள், எப்படித் தீர்த்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுவோம். அடுத்த ஆண்டு மலரிலே அவற்றுட் சிலவேனும் வெளிவர வேண்டும். இரண்டாவது: இன்று சிறு பட்டறை தொடங்கியிருக்கும் எமது வயதினரிடம் பொருளை வாங்குவோம். பிழை இருந்தால் அயலாரிடம் குறை சொல்லாமல் செய்தவரிடமே சொல்லுவோம். அவர் திருத்தினால் மீண்டும் வாங்குவோம். விற்பவனிடம் நாணயத்தை எதிர்பார்க்கும் நாம் வாங்குபவரின் நாணயத்தையும் காட்ட வேண்டும்.

தொழில் செய்ய நினைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில்லையே என்று பெருமூச்சு விடுகிறோம். வங்கி பணம் தரும். மாமன் பணம் தருவார். கனடாவிலிருக்கும் அண்ணனும் தருவார். அவர்கள் தர முடியாத முதல் ஒன்றுண்டு. நாம் செய்த பாத்திரத்தோடு முகந்தெரியாத ஒரு தாய் அடுப்படியிலே நிற்கிறாள் என்ற நினைவே அந்த முதல். திருநீலகண்டரிடம் ஓட்டை ஒப்படைத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது, கடைசியிலேதான் தெரிந்தது. எமது பொருளை நம்பி வாங்குகிறவர் யாரென்று எமக்கும் தெரியாது. தெரியாதவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருப்போமாக.